முதலில் மன்னிப்பு, பிறகு நடை
(மாற்கு 2:1-12)



ஆரணி, கலசப்பாக்கம் பக்கத்துத் தறி வீடுகளை நீங்கள் அறிவீர்கள். நெசவாளர் குழிக்குள் கால்களை இறக்கி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். கால் முடங்கினால் தறி நிற்கும், அடுப்பும் அணையும். கப்பர்நாகும் ஊரில் நால்வர் சுமந்து வந்த முடக்குவாதமுற்றவரின் நிலையும் இதுபோன்றதே.

வாசலில் இடமில்லை. அந்த ஊர் வீடுகளின் கூரை, மரச்சட்டங்கள்மேல் கிளைகளும் மண்ணும் பரப்பியது. நால்வரும் அதைப் பிரித்து, அவரைப் படுக்கையோடு இறக்கினார்கள். இயேசு அவரை உடனே நடக்க வைப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ முதலில் அவருடைய பாவங்களை மன்னித்தார்.

நோய் என்பது பாவத்துக்குத் தண்டனையா? இல்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றிச் சீடர்கள் இப்படிக் கேட்டபோது, இயேசு அதைத் தெளிவாக மறுத்தார். எனவே படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து, ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் கால்கள் தேறினாலும், உள்ளத்தில் குற்றச்சுமை கிடந்தால் மனிதர் முழுமையாக எழுவதில்லை. மன்னிப்பைக் கண்ணால் காண முடியாது. மறைநூல் அறிஞர்கள் முணுமுணுத்தபோது, பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் மானிடமகனுக்கு உண்டு என்பதற்கு அடையாளமாகவே ஆண்டவர் அவரை எழுந்து நடக்கச் செய்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் இயேசு கண்டார். மன்னிப்பை நோக்கித் தானாக வர முடியாதவரைச் சுமக்க யாராவது வேண்டும்.

நம் நாட்டிலேயே இது நடந்தது. கேரளாவில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காக உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, ஓடும் பேருந்தில் சமந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். 2002-இல், ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையான அருள்சகோதரி செல்மி சிறைக்குச் சென்று, அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி, அவரைத் தம் சகோதரராக ஏற்றார். கொலையுண்டவரின் தாயும் அவரை மன்னித்தார். 2006-இல் விடுதலையான சமந்தர், மனம் மாறிய மனிதராக வாழ்ந்தார். ராணி மரியா 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

அன்பர்களே, இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். அறுந்ததை முடிந்த பிறகே மேலே நெய்கிறார். நாமோ, சொத்துத் தகராறில் அண்ணன் தம்பியோடும், ஒரு சொல்லுக்காக அண்டை வீட்டாரோடும் பேச்சை அறுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அப்படியே நெய்துகொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் ஒப்புரவு அருளடையாளத்தை நாடிச் செல்வோம். மன்னிப்புப் பெற்ற கையோடு, நாம் ஒதுக்கி வைத்த ஒருவரின் வீட்டுப் படியேறுவோம். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். கப்பர்நாகூமிலும் வாசல் வழி கிடைக்கவில்லை. அந்த நால்வரும் திரும்பிப் போய்விடவில்லை. ஆமென்.