லக்சுரி காருக்கு எந்த டயர்? எக்ஸெல் ஷீட்டில் கணக்குப் போடலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் என்றாலே மளிகைக் கணக்கு, மார்க் பட்டியல் இரண்டோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. டயர் மாற்றும் முன், எந்த சைஸ் போட்டால் என்ன ஆகும் என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதையே செய்யலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மேனேஜராக இருக்கும் என் மைத்துனன் பழைய மெர்சிடிஸ் சி கிளாஸ் ஒன்று வாங்கினான். 2007-ல் அறிமுகமான மாடல். டயர்கள் தேய்ந்திருந்தன. "16 இஞ்ச் வீலை எடுத்துட்டு 18 இஞ்ச் அலாய் போடுங்க சார், வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்று கடையில் ஆசை காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே காரில்தான், முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்துகொண்ட அவன் அம்மாவை, அதாவது என் மாமியாரை, மாதம் இருமுறை சென்னைக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போகவேண்டும். "மாமா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்து ஒரு வழி சொல்லுங்க" என்று வந்தான்.

அவன் காரில் இருந்தது 205/55 ஆர்16. இதில் 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 55 சதவீதம்தான் சைடுவாலின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில்.

இனி ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் அகலம், சதவீதம், ரிம், சைடுவால், மொத்த உயரம் என ஐந்து தலைப்புகள் கொடுங்கள். அடுத்த வரிசையில் 205, 55, 16 என்று டைப் செய்யுங்கள். சைடுவால் செல்லில் = அடித்து, அகலம் உள்ள செல்லைக் கிளிக் செய்து, * அடித்து, சதவீத செல்லைக் கிளிக் செய்து, /100 என்று முடித்து என்டர் தட்டுங்கள். 112.75 என்று வரும். மொத்த உயரத்துக்கு = அடித்து, சைடுவால் செல்லைக் கிளிக் செய்து, *2+ அடித்து, ரிம் செல்லைக் கிளிக் செய்து, *25.4 என்று முடியுங்கள். இஞ்சை மில்லிமீட்டராக்கத்தான் இந்த 25.4. விடை 631.9. கீழ் வரிசைகளில் மற்ற சைஸ்களை டைப் செய்துவிட்டு, இந்த இரண்டு செல்களையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் போதும். பார்முலா தானாக இறங்கிவிடும்.

எங்களுக்குக் கிடைத்தவை இவை:

225/45 ஆர்17: சைடுவால் 101.25, உயரம் 634.3
225/40 ஆர்18: சைடுவால் 90, உயரம் 637.2
225/50 ஆர்17: சைடுவால் 112.5, உயரம் 656.8

கடைசி சைஸைப் பாருங்கள். சைடுவால் பழையபடியே இருப்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் மொத்த உயரம் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடிவிட்டது. ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது கார் பழைய டயரில் போனதைவிடக் கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிக வேகத்தில் போகும். வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான வழக்கம். அதனால் இதை அழித்துவிட்டோம்.

மற்ற இரண்டும் உயரத்தில் பாஸ். விஷயம் சைடுவாலில்தான் இருக்கிறது. 18 இஞ்ச்சில் 22.75 மில்லிமீட்டர் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை முதலில் வாங்கும் மெத்தை அந்த ரப்பர்தான். அது குட்டையானால் ஸ்டீயரிங் திருப்பியதும் கார் சட்டென்று திரும்பும், ஏனென்றால் பக்கவாட்டில் வளைந்து கொடுக்க ரப்பர் குறைவு. அதே காரணத்தால் குலுக்கல் நேராக முதுகுக்கு வரும். பள்ளத்தில் ரிம் வளையும் ஆபத்தும் கூடும். அகலம் கூடுவதால் காய்ந்த ரோட்டில் பிடிப்பு கூடலாம். ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் அகலமான டயர் இன்னும் எளிதாக நீரின்மேல் மிதக்கும்.

சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை மட்டும் என்றால் 17 இஞ்ச்சுக்குச் சரி என்றிருப்பேன். ஆனால் அதைவிட்டு இறங்கினால் இரும்பு லோடு லாரிகளும் கன்டெய்னர் டிரெய்லர்களும் உழுத சிப்காட் ரோடுகள். பக்கத்துத் தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. அதற்காகப் பள்ளங்கள் நம்மிடம் தயவு காட்டுவதில்லை!

அப்படியானால் கையாளும் திறனை விட்டுவிடுவதா? வேண்டாம். ஒரே சைஸிலேயே டயரின் குணம் மாறும். பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா சொகுசுக்கு, பொடென்சா ஸ்போர்ட்ஸ் ஓட்டத்துக்கு. மிஷலினில் பிரைமசி, பைலட் ஸ்போர்ட் என்று அதே பிரிவு. இன்டர்நெட்டில் ஐரோப்பிய டயர் லேபிளைத் தேடிப் பார்த்தால் ஈர ரோட்டுப் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம், இரைச்சல் அளவு தெரியும். சொகுசுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதற்கு நம் ஷீட்டின் சைடுவால் காலம்தான் துணை. ஈர ரோட்டில் நல்ல கிரேடு வாங்கிய சொகுசு வகை, பழைய 205/55 ஆர்16 சைஸிலேயே, என்று முடிவு செய்தோம். புது ரிம் செலவும் மிச்சம்.

பி.எம்.டபிள்யூ போன்ற சில கார்களில் ரன் பிளாட் டயர் இருக்கும். காற்று போனாலும் ஓடுவதற்காக அதன் சைடுவால் கெட்டியாக இருக்கும். சாதாரண டயருக்கு மாறினால் குலுக்கல் குறையும். ஆனால் அந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி இருக்காது என்பதை மறக்காதீர்கள்.

கடையில் பார்க்க இரண்டு விஷயம். சைஸை அடுத்து 91வி போல ஒரு குறியீடு இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. மேனுவலில் உள்ளதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். அடுத்து, தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம்.

அதே ஷீட்டில் தேதி, கிலோமீட்டர், காற்றழுத்தம் என்று மூன்று காலம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவுப் பக்கமோ, பெட்ரோல் மூடியின் உள்ளேயோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. கண்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் செய்ய மறந்துவிடாதீர்கள்.