பிடோங் தீவும் செம்பிறைச் சங்கமும்

நம் பள்ளி மாணவர்களுள் சிலர் புறப்பாட நாளன்று செம்பிறைச் சங்கச் சீருடையில் வருவதைப் பெற்றோர்கள் கண்டிருப்பீர்கள். கட்டுப் போடவும், மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் செல்லவும் அவர்கள் பழகுகின்றனர். இச்சங்கத்தின் வேலை இவ்வளவுதானா என்று வினவுவோரும் உளர். அவர்களுக்கு விடையாக, நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரும்பணியை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1859ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் சொல்ஃபெரினோ என்னுமிடத்தில் நடந்த போரில், காயமுற்றுக் கேட்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு மனம் நொந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹென்றி டுனான்ட். அவருடைய முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. சில நாடுகளில் அது செம்பிறைச் சின்னத்தை ஏற்றது. நம் நாட்டுச் சங்கமும் 1975ஆம் ஆண்டில் செஞ்சிலுவை என்ற பெயரை விடுத்துச் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் பெற்றது.

அதே ஆண்டில்தான் வியட்நாம் போர் முடிவுற்றது. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகர் வீழ்ந்தது. போர் ஓய்ந்தால் மக்கள் வீடு திரும்புவர் என்பதே நாம் எண்ணுவது. அங்கோ, தோற்ற தரப்பில் பணிபுரிந்தோரும், புதிய ஆட்சிக்கு அஞ்சியோரும், கடை கண்ணியை இழந்த வணிகர்களும் வீட்டை விட்டு வெளியேறினர். ஆற்றிலும் கரையோரத்திலும் மீன் பிடிப்பதற்கென்று கட்டிய படகுகளில் பெண்டு பிள்ளைகளுடன் நெருக்கியடித்து ஏறி, தென்சீனக் கடலில் இறங்கினர். புயலாலும், கடற்கொள்ளையராலும், குடிநீரின்றியும் மாண்டவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. தப்பியவர்களுள் 47 பேரைக் கொண்ட முதற்படகு அவ்வாண்டு மே மாதத்தில் நம் நாட்டை அடைந்தது. பிறகு கிழக்குக் கரை நெடுகிலும் படகுகள் வந்தவண்ணம் இருந்தன.

அவர்களைத் தங்கவைக்க 1978 ஆகஸ்டு 8ஆம் நாள் திரங்கானுக் கடலிலுள்ள பிடோங் தீவு முகாமாகத் திறக்கப்பட்டது. (கெடாவிலுள்ள பீடோங் ஊரை நம்மவர் நன்கறிவர். இது வேறு.) தீவின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர், ஏக்கர்க் கணக்கில் 250 எனலாம். தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பரப்பைச் சொன்னாலே விளங்கிவிடும். ஒரு சிறிய தோட்டம், அதிலும் பெரும்பகுதி குன்று. குடியிருக்கத் தக்க சமநிலம் கடலோரத்தில் ஒரு துண்டு மட்டுமே. அந்த இடத்தில் 4,500 பேர் வரை தங்கலாம் என்று முதலில் கணக்கிட்டனர். தொடக்கத்தில் 121 பேர் குடியேறினர். 1979 ஜனவரியில் அவர்கள் 18,000 ஆயினர். ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 40,000 பேர்! ஓர் ஊரல்ல, ஒரு நகரமே அந்தத் துண்டு நிலத்தின்மேல் வந்து இறங்கியது போலாயிற்று.

செலவுக்கான பணத்தைப் பெரும்பாலும் ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையகம் தந்தது. காவலை மலேசிய அரசாங்கத்தின் ஏழாம் பணிப்படை ஏற்றது. முகாமை அன்றாடம் நடத்திச் செல்லும் பொறுப்போ செம்பிறைச் சங்கத்தைச் சேர்ந்தது. உணவு, மருந்து, இருப்பிடம், கடிதம் ஆகிய நான்கும் அதன் கையில் இருந்தன.

இவற்றுள் எது கடினமானது என்று மாணவர்களைக் கேட்டால் உணவு என்பர். உண்மையில் தண்ணீரே பெருந்தொல்லை தந்தது. தீவில் தோண்டிய கிணறுகள் போதவில்லை. கரையிலிருந்து நீரைக் கலங்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நெருக்கடி மிகுந்த காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என அளந்து கொடுத்தனர். முற்காலத்தில் நம் லயத்து வீடுகளில் தண்ணீர் சுமந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் நான்கு கேலன் கொள்ளும். அதில் கால் பங்கைக்கொண்டு குடித்து, சமைத்து, குழந்தையின் முகமும் கழுவ வேண்டும். அவ்வாறு அளந்தும், 40,000 பேருக்கு ஒரே நாளில் 10,000 தகரம் நீர் வேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவமழைக் காலத்தில் இதனைக் கொண்டு சேர்ப்பதை எண்ணிப் பாருங்கள். அரிசியும் தகரத்திலடைத்த உணவும் கரையிலிருந்தே வர வேண்டும். கழிப்பிடங்கள் தேவைக்கு மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு ஒரு குடிசையில் தோன்றினால் வரிசை முழுவதும் பரவிவிடும் என்ற அச்சம் அங்கிருந்த மருத்துவர்களுக்கு எந்நாளும் உண்டு.

செம்பிறைச் சங்கத்தார் எல்லாவற்றையும் தாமே செய்ய முற்படவில்லை. இதுவே அப்பணியில் நாம் வியக்கும் செய்தி. வந்தவர்களுள் மருத்துவர் இருந்தனர், ஆசிரியர் இருந்தனர், தச்சர் இருந்தனர். தீவின் மருத்துவமனையில் அகதிகளான மருத்துவர்களே நோயாளிகளைப் பார்த்தனர். உடைந்த படகுகளின் பலகை, நெகிழித்தாள், தட்டையாக்கிய தகரம் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு மூன்றடுக்குக் குடில்களை அவர்களே எழுப்பினர். உணவு பங்கிடவும், நீர் வழங்கவும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. போகப்போகும் நாட்டின் மொழி தெரிய வேண்டுமே என்று ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பித்தனர். குன்றின்மேல் ஒரு தேவாலயமும் ஒரு புத்தர் கோயிலும் எழுந்தன. கையேந்தி நிற்கும் கூட்டமாக அவர்களை வைத்திருந்தால் நிருவாகம் ஒருகால் எளிதாக இருந்திருக்கலாம். 40,000 பேருக்கும் பொழுது புலர்ந்ததும் செய்ய ஒரு வேலை இருந்திருக்காது.

இனிக் கடிதத்தைப் பற்றிக் கூறுவோம். தீவை அடைந்த படகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டது. அதில் வந்தோரின் பெயர், வயது, உறவு ஆகியவை பதியப்பட்டன. வெறும் அலுவலக வேலை என இதனைத் தள்ளிவிட இயலாது. தந்தை ஒரு படகிலும் தாயும் பிள்ளைகளும் மற்றொன்றிலும் ஏறியிருப்பர். ஒன்று மலேசியாவிலும் மற்றது தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ கரை சேர்ந்திருக்கும். அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவும் இவ்வட்டாரத்து நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து, பிரிந்தோரைத் தேடும் பணியையும் கடிதப் பணியையும் நடத்தின. ஒரு முகாமின் பெயர்ப்பட்டியலை மற்றொரு முகாமின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையான வேலை அது. எழுத்து ஒன்று பிழைத்தால் ஒரு குடும்பம் சேராமல் போகும். கடிதம் வந்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் அழைப்பர். பெயர் வாராதவர் மறுநாளும் காத்திருப்பர். அந்நாளில் தீவில் இருந்தவர்கள் இன்றும் தம் படகின் எண்ணை மறவாமல் கூறுகின்றனர்.

நம் நாட்டு மக்கள் அனைவரும் இதனை மனமுவந்து ஏற்றனர் எனக் கூறுவது பொய்யாகும். விலைவாசி ஏறுகிறது எனக் கரையோர மக்கள் குறைப்பட்டனர். ஏழை மீனவர் வீட்டில் இல்லாத உணவு அகதிகளுக்குக் கிடைக்கிறதே என்ற பேச்சும் எழுந்தது. அதில் நியாயமே இல்லையென நாம் கூறமாட்டோம். அரசாங்கமும் படகுகள் பலவற்றைக் கரையேற விடாது கடலுக்கே திருப்பி அனுப்பியது. 1979 ஜூன் மாத இறுதியில், புதிதாக வருவோரை இனி ஏற்பதில்லை எனத் தென்கிழக்காசிய நாடுகள் ஐந்தும் அறிவித்தன. அடுத்த மாதம் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடிப் பேசின. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்சு முதலிய நாடுகள் மிகுதியானோரைக் குடியேற்ற இசைந்தன. வாசல் திறந்ததும் தீவின் நெருக்கம் மெல்லத் தணிந்தது. செம்பிறைச் சங்கம் அந்த வாக்குவாதத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. பக்கம் சேர்ந்திருந்தால் தீவுக்குள் கால் வைக்கும் உரிமையை இழந்திருக்கும். தண்ணீரைக் கொண்டு செல்ல வேறு ஆளும் இருந்திருக்காது.

1991 அக்டோபர் 30ஆம் நாள் பிடோங் முகாம் மூடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 2,50,000 பேர் அத்தீவைக் கடந்து சென்றிருந்தனர். எஞ்சியோர் தங்கிய சுங்கை பீசி முகாமும் 1996இல் மூடப்பட்டது. இப்போது நம் நாட்டில் அடைக்கலம் புகுந்துள்ளோருள் மிகப் பெரும்பாலோர் மியன்மார் நாட்டினர். அவர்களுக்கு முகாம் இல்லை. நகரங்களில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர இயலாமல், தனியார் நடத்தும் கற்றல் நிலையங்களில் பயில்கின்றனர்.

பிடோங்கில் இன்று குடில்கள் இல்லை, காடு வளர்ந்துவிட்டது. ஆயினும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் தலை நரைத்தவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகின்றனர். தீவில் இறந்துபோன உறவினரின் கல்லறையைப் புதருக்குள் தேடிக் கண்டு, சுற்றிலும் புல்லை அகற்றி, ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் படகேறுகின்றனர்.