'பீப்' சத்தம் கேட்டால்தான் பாட்டிக்கு நிம்மதி!
ஓட்டு மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் மனுஷ மனசு

சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவி. எந்திரம் என்றாலே இந்த ஊருக்குக் கசப்பான ஞாபகம்தான். பரவனாறு மாற்றுக் கால்வாய் வேலைக்காக, 2023 ஜூலையில் என்.எல்.சி.யின் மண் தோண்டும் எந்திரங்கள் நெற்பயிர் நின்ற வயலுக்குள் இறங்கியது இங்கேதான்.

ஆனால் இதே ஊர் ஜனங்கள் தயங்காமல் விரல் வைக்கும் எந்திரமும் ஒன்று உண்டு. அதுதான் ஓட்டு மெஷின்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரிகிறது. எப்படி? அதற்குள் இருக்கும் மின்சார வேலை பாதிதான். மனுஷன் எங்கே தடுமாறுவான், எதற்குப் பயப்படுவான் என்று யோசித்துச் செய்த வேலை மீதிப் பாதி.

பெட்டிக்குக் கும்பிடு!

1952-ல் முடிந்த முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. அதன் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். முத்திரை குத்தும் வேலை கிடையாது. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். சுலபம்தானே? ஆனால் சீட்டை உள்ளே போடாமல் பெட்டி மேலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. சாமி உண்டியல் மாதிரி பெட்டியைக் கும்பிட்டவர்களும் உண்டு!

பிறகு ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்தது. அந்த அம்புக்குறி முத்திரையை யாராவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மை காயும் முன்னே சீட்டை மடிப்பது நம் ஜனங்களின் பழக்கம். எதிர்ப்பக்கம் இன்னொரு சின்னத்திலும் மை ஒட்டும். சாதாரணப் பெருக்கல் குறி என்றால் எது அசல், எது ஒட்டியது என்று தெரியாது. அம்புக்குறியோ கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி விழும். எண்ணுகிறவர் பார்த்ததுமே அசலைக் கண்டுபிடித்துவிடுவார்.

"பதிஞ்சுதா, இல்லியா?"

அடுத்து வந்தது மெஷின். 1982-ல் கேரளாவின் பரவூரில் முதல் சோதனை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இதைத் தயாரித்ததில் பெரும் பங்கு நம்ம எழுத்தாளர் சுஜாதாவுக்கு! உருவமைப்பைக் கவனித்தவர்கள் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பேராசிரியர்கள்.

பொத்தானை அமுக்கியதும் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம், "பதிஞ்சுதா, இல்லியா?" என்பதுதான். அதற்குத்தான் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு, கூடவே நீளமாக ஒரு 'பீப்'. கண் மங்கியவருக்குக் காது உதவும். வெளியே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கும் அதுதான் சேதி. சந்தேகத்தில் மறுபடி அமுக்கினாலும் இரண்டாவது ஓட்டு விழாது. ஆள் இல்லாத வரிசையில் பொத்தான் தெரிந்தால் விரல் அங்கே போய்விடும் என்று அதை மூடியே வைக்கிறார்கள். பூத்தைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குத்தலாம் என்று நினைத்தாலும் நடக்காது. நிமிடத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் ஏறாது!

அப்படியும் சந்தேகம் தீரவில்லை. 2013-ல் காகிதச் சீட்டு காட்டும் பெட்டி வந்து சேர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரியும். அப்புறம் உள்ளே விழுந்துவிடும்.

ஆறு பன்னீர்செல்வம்!

மனுஷ மனசைப் படித்தவர்கள் எதிர் முகாமிலும் இருக்கிறார்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில்! அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்து அமுக்குகிறவர் என்ன ஆவார்? இந்த மாதிரிக் குழப்பத்துக்காகத்தான் 2015-லிருந்தே வேட்பாளர் படத்தையும் சேர்த்தார்கள். 2025-ல் படம் கலரிலும், எண் பெரிய எழுத்திலும் வர உத்தரவானது. நம்மைக் கேட்டால், இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்கிறவர்கள் வளையமாதேவி அடங்கிய சிதம்பரம் தொகுதியைப் பார்க்கட்டும். 2019-ல் திருமாவளவனுக்குத் தேர்தல் நெருக்கத்தில் கிடைத்த சின்னம் பானை. எதிரே நின்றதோ 1973-லிருந்து ஜனங்களுக்குப் பழகிப்போன இரட்டை இலை! ராத்திரி பகலாகப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார்கள் தொண்டர்கள்.

கடைசியில் பானை ஜெயித்தது. வித்தியாசம் வெறும் 3,219 ஓட்டு!