எட்டில் ஒன்று விடுபட்டது

மென்பொருளைத் திருத்தி எழுதுவது ஒரு பணி. திருத்தியதை எல்லாக் கணினிகளிலும் பிழையின்றி ஏற்றுவது மற்றொரு பணி. பின்னதற்கும் திட்டம் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் சான்றாகும்.

2012 ஆகஸ்டு முதல் நாளில் பயன்படுத்துவதற்காக அந்நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர் கணினிகளில் ஏற்ற முனைந்தது. ஏழில் ஏறியது, ஒன்று விடுபட்டது. புதிய நிரலை இயக்கும் குறியே முன்னர்ப் பழைய நிரலுக்கும் உரியதாயிருந்தது. எனவே, 2003 முதல் பயனற்றுக் கிடந்த அப்பழைய நிரல் எட்டாம் கணினியில் விழித்துக்கொண்டு, ஓயாது பங்கு வணிகம் செய்யலாயிற்று. சந்தை திறக்குமுன் பிழையைச் சுட்டி வந்த 97 மின்னஞ்சல்களைக் கவனிப்பாரில்லை. காரணம் அறியாத அலுவலர்கள், சரியாயிருந்த ஏழு கணினிகளிலிருந்து புதிய நிரலை நீக்கினர், கேடு மிகுந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு! மறு ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்தது.

ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் விதி அங்கு எழுதப்படவில்லை. பயனற்றதைக் களைதல், இருவர் சரிபார்த்தல், பிழை நேரின் நிறுத்தும் வழியை முன்னரே வகுத்தல் ஆகிய மூன்றும் கணினித் துறையின் நீங்காக் கடமைகளாம்.