சந்தை சரிந்த ஆண்டுக்குப் பின் குடும்பப் பணத்தை எங்கே வைப்பது?



வரும் ஆண்டுக்கெனப் பொருளைத் திட்டமிடுவது தவக்குலுக்கு முரணானது என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. மிஸ்ரு மன்னரின் கனவுக்கு விளக்கம் கூறிய யூசுஃப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடே சேமித்து வைக்க வழிகாட்டியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அது வயல் பசுமையாக இருந்தபோதே சொல்லப்பட்ட ஏற்பாடு.

பங்குச் சந்தைக்கும் பஞ்ச காலம் உண்டு. மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. பழைய உயரத்திற்குத் திரும்ப 2010 நவம்பர் ஆயிற்று. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பருக்குள் இழந்ததை மீட்டுவிட்டது. 2024 செப்டம்பரில் 85,000-ஐக் கடந்து, 2025 ஏப்ரல் தொடக்கத்தில் 73,000 அளவிற்கு இறங்கியது. ஒருமுறை மீள எட்டு மாதம். மற்றொருமுறை ஏறத்தாழ மூன்றாண்டுகள். எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை முன்கூட்டிக் கூறவல்லவர் எவருமில்லை.

எனவே, ‘எந்தப் பங்கை வாங்கலாம்?’ என்பதற்கு முன் எழ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்தப் பணம் எப்போது தேவைப்படும்? அடுத்த ஆண்டு மகளின் நிகாஹ், மகனின் கல்லூரிக் கட்டணம், ஹஜ் பயணச் செலவு ஆகியவற்றுக்குரிய தொகை பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. நூறு ரூபாய் அறுபதாகக் குறைந்தால், மீண்டும் நூறாவதற்கு 40 விழுக்காடு ஏறினால் போதாது. ஏறத்தாழ 67 விழுக்காடு ஏற வேண்டும். நிகாஹ் தேதி அதுவரை காத்திருக்காது. இத்தொகையை வட்டியில்லா நடப்புக் கணக்கில் வைப்பதே தகும். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு 2020 முதல் உள்ளது.

அதற்கும் முன்னதாகக் கடன். வட்டிக்கு வைத்த நகை வங்கியில் இருக்க, சந்தையில் இலாபம் தேடுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். கொடுபடாத மஹரும் கடனே. அதை வைத்துக்கொண்டு பங்கு வாங்கும் கணவர், உண்மையில் மனைவியின் பணத்தோடு சந்தைக்குப் போகிறார்!

இவ்வளவும் போக, ஐந்தாறு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத தொகை எஞ்சினால் பங்குகளைப் பற்றி எண்ணலாம். நிஃப்டி 50 குறியீட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி வங்கிகளும் நிதி நிறுவனங்களுமே. ஆதலால் பொதுவான குறியீட்டு நிதி நமக்குப் பொருந்தாது. வட்டி, மது, சூது ஆகிய தொழில்களை நீக்கி, கடன் அளவையும் சோதித்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட் போன்றவை இந்தியாவில் உள்ளன. ஆனால், ஷரீஆவுக்கு இணக்கமானது என்பதற்கு விலை சரியாது என்று பொருளல்ல. வங்கிகளை ஒதுக்கிய இடத்தைப் பெரும்பாலும் மென்பொருள், மருந்து, நுகர்பொருள் நிறுவனங்கள் நிரப்புகின்றன. மென்பொருள் துறை தளர்ந்தால் இவையும் தளரும். மொத்தமாக இடாமல் மாதத் தவணைகளாகப் பிரித்து இடுவது, உச்ச விலையில் அனைத்தையும் வாங்கிவிடும் அபாயத்தைக் குறைக்கும்.

சந்தையைக் கண்டு அஞ்சியோரை ‘ஹலால் முதலீடு, மாதந்தோறும் நிச்சய இலாபம்’ என்னும் விளம்பரம் ஈர்ப்பதே மிகவும் கவலைக்குரியது. பெங்களூருவில் 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனம், தங்க வணிகத்தின் இலாபப் பங்கு என்று கூறி ஆண்டுக்கணக்கில் பணம் வழங்கியது. 2019 ஜூனில் அது நொறுங்கியது. நிறுவனர் வெளிநாடு சென்றார், அடுத்த மாதம் திரும்பியபோது கைதானார். நிகாஹுக்கும் முதுமைக்கும் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. முளாரபா என்பது இலாபத்தில் பங்கு கேட்பது. நட்டம் வந்தால் முதலிட்டவரின் முதலும் குறையும். வணிகம் எப்படி நடந்தாலும் மாதம் இவ்வளவு என உறுதி கூறுபவர், பெயரை மாற்றி வட்டியைத்தான் கூறுகிறார். அல்லது அடுத்தவர் இட்ட முதலை எடுத்து நம்மிடம் தருகிறார். தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கை ஆகா. செபியின் பதிவு உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

இழந்ததை விரைவில் மீட்க முன்பேர வணிகத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இத்தகைய வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் எனச் செபி 2024-இல் வெளியிட்டது. மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். தன்னிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

தங்கம் பாதுகாப்பானது என்பதும் பாதி உண்மையே. 2011-இல் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டாலர் அளவில் இருந்த தங்கம், 2015 இறுதியில் 1,050 டாலர் அளவிற்கு இறங்கியது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் தொடக்க நாளிலேயே போய்விடும். அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை. முதலீடாக வைத்த நாணயத்திற்கு இரண்டிலும் உண்டு.

பங்குகளுக்கும் ஸகாத் உண்டு. விற்கும் நோக்கில் வாங்கியவற்றுக்கு வாங்கிய விலையன்றி, ஸகாத் நாளின் சந்தை விலையே கணக்கு. மூன்று இலட்சத்திற்கு வாங்கியது அன்று இரண்டு இலட்சம் பெறுமானால் 5,000 ரூபாய். நீண்டகாலம் வைத்திருப்போருக்கான கணக்கில் உலமாக்களிடையே வேறுபாடு உண்டு. ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. பிறை ஆண்டு சுமார் 11 நாள் குறைவாதலால், மார்ச் 31 கணக்கை நம்பியிருந்தால் ஸகாத் நாள் தவறும். அந்நாளைக் குறித்து, அதற்குரிய ரொக்கத்தை இப்போதே தனியே எடுத்து வைப்போர், சரிந்த விலையில் பங்கை விற்று ஸகாத் கொடுக்க நேராது.