பானெட்டில் ஒரு நாடு, தகட்டில் வேறு நாடு! தெரியுமா?

பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம், துள்ளும் மான். ஜான் டியர் டிராக்டரைப் பார்த்ததும் அமெரிக்கச் சோளக்காடு கண்முன் விரியாதவர் உண்டா? 1837-ல் இல்லினாய் மாநிலத்துக் கொல்லர் ஒருவர் கலப்பை அடித்துத் தொடங்கிய கம்பெனி அல்லவா! அந்தக் கம்பெனி 1970-களின் பின்பாதியில் 850, 950 என்று இரண்டு குட்டி டிராக்டர்களை இறக்கியது. அதே பச்சை, அதே மஞ்சள், அதே மான். செய்த இடம் எது தெரியுமா? ஜப்பான்! செய்து கொடுத்தது யான்மார்!

ஜான் டியர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோர்டின் நீல நிறக் குட்டி டிராக்டர்களைச் செய்து கொடுத்தது ஷிபாவுரா. மாஸி ஃபெர்குசன் சிவப்பில் வந்த சின்ன வண்டிகள் பல இசெகி ஆலையில் பிறந்தவை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 234, 244, 254 மூன்றும் மிட்சுபிஷி. ஆலிஸ்-சால்மர்ஸ் ஆரஞ்சு நிறத்தில் விற்ற 5020, டோயோஷா. அமெரிக்க விவசாயி அன்று நாலு ஷோரூம் ஏறி இறங்கி, நாலு கம்பெனியையும் அலசி, ‘எங்க அப்பா ஓட்டினதுதான் உசத்தி’ என்று வீம்பாக ஒன்றை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். நாலும் கப்பலேறி வந்த ஜப்பான் வண்டிகள்!

காரணம் கேட்டால் இன்னும் வேடிக்கை. அமெரிக்க ஆலைகள் அப்போது பெரிய வண்டிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. இருபது, இருபத்தைந்து எச்.பி. வண்டிக்காகத் தனி ஆலை போட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஜப்பானிலோ வயலே கையகலம். அந்த நெல்வயலுக்குள் இறங்கி, வரப்பை இடிக்காமல் திரும்பி, டீசலைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் வண்டியை அவர்கள் செய்தே ஆகவேண்டியிருந்தது. யான்மார் 1933-லேயே சின்ன டீசல் இன்ஜினைச் செய்து காட்டிய கம்பெனி. போதாக்குறைக்கு குபோட்டா 1969-ல் தன் சொந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் கால் வைத்துவிட்டது. சும்மா இருந்தால் சந்தை போய்விடும். சொந்தமாகச் செய்தால் கட்டாது. செய்தவனிடம் வாங்கித் தன் வண்ணத்தை அடித்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ், அதுவும் எப்படி! ஜான் டியரின் குட்டி டிராக்டர்கள் இப்போது ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பூட்டப்படுகின்றன. குபோட்டாவின் மிகச் சிறிய பி.எக்ஸ். வண்டிகள் பூட்டப்படுவது எங்கே? அதே ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில்லில்! ‘அமெரிக்க’ ஜான் டியரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பல மாடல்களில் உள்ளே உட்கார்ந்திருப்பது யான்மார் இன்ஜின். இதில் எது அமெரிக்க வண்டி, எது ஜப்பான் வண்டி என்று பட்டிமன்றமே நடத்தலாம்.

இதெல்லாம் உலகமயமாக்கல் வந்த பிறகு நடந்த கூத்து என்று தோன்றுகிறதா? ஃபோர்ட்சனைக் கேளுங்கள். ஹென்றி ஃபோர்டின் டிராக்டர், அமெரிக்க வயலிலிருந்து குதிரையை விரட்டிய வண்டி. 1928-ல் அமெரிக்காவில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தட்டுமுட்டு எந்திரங்களோடு அயர்லாந்தின் கார்க் நகருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்க விவசாயி வாங்கிய புது ஃபோர்ட்சன், அட்லாண்டிக் தாண்டி வந்த ஐரிஷ் வண்டி! ஃபோர்டின் அப்பா பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஊரும் அந்தக் கார்க் பக்கம்தான்.

கார் விற்ற ஃபோர்டு, டிராக்டருக்கு மட்டும் ஏன் ‘ஃபோர்ட்சன்’ என்று பெயர் வைத்தார் தெரியுமா? ‘ஃபோர்டு’ என்ற பெயரை ஏற்கெனவே வேறொருவர் கொண்டுபோயிருந்தார்! மினியாபொலிஸ் நகரில் சில ஆசாமிகள் பால் ஃபோர்டு என்ற ஒருவரைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டு ‘ஃபோர்டு டிராக்டர் கம்பெனி’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். டிராக்டருக்கும் அந்த மனிதருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. அவரிடமிருந்து வேண்டியது குடும்பப் பெயர் மட்டும். ஹென்றி ஃபோர்டு செய்தது என்று நம்பி ஜனங்கள் வாங்கினார்கள். வண்டி வயலில் இறங்கியதும் பல் இளித்தது.

அப்படி ஏமாந்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி வில்மட் குரோசியர். அந்தப் போலி ஃபோர்டு உருப்படவில்லை. அடுத்து வாங்கிய இன்னொரு கம்பெனி வண்டியும் காலை வாரியது. மூன்றாவதாக வாங்கிய ரூம்லி, விளம்பரத்தில் சொன்னதைவிட நன்றாக உழைத்தது. நம்மில் பலராக இருந்தால் டீக்கடையில் திட்டித் தீர்த்துவிட்டு விட்டிருப்போம். இவர் சட்டமன்ற உறுப்பினராகிவிட்டார்! 1919-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்: எங்கள் மாநிலத்தில் டிராக்டர் விற்கவேண்டுமா, முதலில் பல்கலைக்கழகச் சோதனையில் தேறிக் காட்டு. சொன்ன எச்.பி. இருக்கிறதா, சொன்ன இழுவை இருக்கிறதா, எல்லாம் ஊரறிய அச்சாகும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும் இடமும் மாநிலத்துக்குள் இருக்கவேண்டும் என்று அதே சட்டத்தில் சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் விவசாயியின் மூளை! 1920-ல் முதலில் தேறிய வண்டி வாட்டர்லூ பாய். விற்றது ஜான் டியர். ஆனால் அது ஜான் டியர் உருவாக்கியதல்ல. 1918-ல் வாட்டர்லூ கம்பெனியையே விலைக்கு வாங்கியதால் கூடவே வந்தது. பச்சைக் கம்பெனியின் டிராக்டர் வியாபாரம் சூடுபிடித்ததே அடுத்தவர் வண்டியில்தான்!

இடையில் ஒரு துணுக்கு. ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பொறிக்கவேண்டும் என்று ஆரம்பித்து வைத்தது ஜெர்மனி அல்ல, இங்கிலாந்து! ஜெர்மனியின் மலிவுச் சரக்கைக் காட்டிக்கொடுப்பதற்காக 1887-ல் போட்ட சட்டம். நாளடைவில் அந்த அவமான முத்திரையே தரமுத்திரை ஆகிவிட்டது. செய்த ஊரை வைத்து மட்டும் தரத்தை அளக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

சரி, நம் மகிந்திராவுக்கு வருவோம். எண்ணிக்கையில் உலகத்திலேயே அதிக டிராக்டர் செய்யும் கம்பெனி. 1990-களில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ‘இந்திய வண்டி’ என்று மூக்கைச் சுளித்தவர்களும் உண்டு, ‘இந்திய வண்டி, இரும்பு மாதிரி’ என்று மெச்சியவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்கே மகிந்திரா பெயரில் ஓடிய குட்டி டிராக்டர்களில் ஒரு பகுதி ஜப்பானின் மிட்சுபிஷி செய்தது, இன்னொரு பகுதி தென்கொரியாவின் டி.ஒய்.எம். செய்தது. திட்டியவரும் தப்பு, மெச்சியவரும் தப்பு! அதே காலத்தில் ஜான் டியர் என்ன செய்துகொண்டிருந்தது? புனே பக்கத்து ஆலையில் 5 வரிசை டிராக்டர்களைச் செய்து அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இந்தியப் பெயர் போட்ட வண்டி கொரியாவிலிருந்தும், அமெரிக்கப் பெயர் போட்ட வண்டி இந்தியாவிலிருந்தும் ஒரே துறைமுகத்தில் இறங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு மகிந்திரா 2015-ல் மிட்சுபிஷியின் வேளாண் எந்திரக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கையே வாங்கியது. ஜப்பானியரோடு சேர்ந்து வடிவமைத்த ஓஜா வரிசை 2023-ல் வந்தது. அது செய்யப்படுவது தெலங்கானாவின் ஜஹீராபாதில்.

இப்போது உச்சக்கட்டம். பெயரும் அசல், செய்த கம்பெனியும் அசல், ஆனாலும் விற்கக்கூடாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது தெரியுமா? ஜப்பானில் நெல்வயலில் ஓடிக் களைத்த பழைய குபோட்டாக்களைச் சிலர் மொத்தமாக வாங்கி அமெரிக்காவில் இறக்கினார்கள். குபோட்டாவே செய்தவை, பானெட்டில் குபோட்டா என்றே எழுதியிருந்தவை. குபோட்டாவே வழக்குப் போட்டது! 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குபோட்டா பக்கம் நின்றது. காரணம்? எச்சரிக்கை வாசகம் எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தது. எந்த லீவரைத் தொட்டால் எது சுற்றும் என்று ஓட்டுபவருக்குப் புரியாது. பல வண்டிகள் அமெரிக்காவில் பாரம் தூக்கப் பயன்படும் அளவுக்குக் கெட்டியாகக் கட்டப்படவில்லை. அந்த மாடல்களுக்கு ஸ்பேரும் சர்வீஸும் அமெரிக்க டீலரிடம் கிடையாது. பெயரை நம்பி வாங்கியவர் எதிர்பார்த்தது இதையெல்லாமும் சேர்த்துத்தான் என்றது தீர்ப்பு. என்னைக் கேட்டால் டிராக்டர் பிராண்டைப் பற்றி இதைவிட உருப்படியான பேச்சு எந்த விளம்பரத்திலும் வந்ததில்லை. ஆலிஸ்-சால்மர்ஸ் 5020 வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனி 1985-ல் டிராக்டர் தொழிலையே ஜெர்மனியின் டாய்ட்ஸிடம் விற்றுவிட்டுப் போனது. வண்டி கொட்டகையில் நிற்கிறது, ‘எங்கள் வண்டி’ என்று சொல்ல வேண்டியவர் இல்லை!

வழக்குப் போட்ட அதே குபோட்டாவின் வட அமெரிக்கக் கிளை, 2024 ஜனவரியில் எதற்கு மாட்டியது தெரியுமா? முழுக்க வெளிநாட்டில் செய்த உதிரிபாகங்களில் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று ஒட்டியதற்காக! அபராதம் 20 லட்சம் டாலர்.

நம் ஊர்ச் சாலையில் போகும் டிராக்டர்களை மட்டும் சும்மா விடலாமா? ஐஷர் என்பது ஜெர்மன் பெயர். வண்டி 1959-ல் ஃபரிதாபாதில் பிறந்தது. 2005 முதல் சொந்தக்காரர் சென்னையின் டாஃபே. நீல நிற ஃபார்ம்டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஃபோர்டோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு டிராக்டர் செய்தது. கூட்டு முறிந்தது, ஃபோர்டு பெயர் போனது, நீலம் மட்டும் தங்கிவிட்டது. 2022-ல் அந்த எஸ்கார்ட்ஸே குபோட்டாவின் கைக்குப் போய் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆகிவிட்டது. அமெரிக்க நிறம், ஹரியானா ஆலை, ஜப்பான் முதலாளி!

மினி டிராக்டர் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் பானெட் ஸ்டிக்கரை விட்டுவிட்டுச் சேசிஸ் எண் அடித்த தகட்டைக் குனிந்து பாருங்கள். இன்ஜின் யாருடையது என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. குரோசியர் நெப்ராஸ்காவில் கேட்டது போலவே எச்.பி., இழுவை, தேய்மானம் எல்லாம் அளந்து அறிக்கை தருகிறார்கள். இன்ஜின் யாருடையது, டீசல் பம்ப் யாருடையது என்பதுகூட அதில் இருக்கும். டீலர் காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான். ஸ்பேர் எத்தனை கிலோமீட்டரில் கிடைக்கும் என்பதை மட்டும் விற்பவரிடம் கேட்காதீர்கள்; ஏற்கெனவே வாங்கியவரிடம் கேளுங்கள்.

கடைசியாக மாஸி ஃபெர்குசன். மாஸி கனடாக்காரர், ஃபெர்குசன் அயர்லாந்துக்காரர், இன்று அந்தப் பெயரை உலகின் பெரும்பகுதியில் வைத்திருப்பது ஆக்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி. இந்தியாவில் பல பத்தாண்டுகளாக அந்த டிராக்டரைச் செய்து, செம்பியம் சிம்சன் இன்ஜினைப் பூட்டி, மாஸி என்றாலே நம்மூர் வண்டி என்று ஆக்கியது டாஃபே. 2600 வரிசை இங்கிருந்தே அமெரிக்காவுக்கும் போனது. பெயர் யாருக்கு என்று இரண்டு கம்பெனிக்கும் தகராறு. 2025-ல் சமரசம் ஆயிற்று. இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்று நாடுகளிலும் மாஸி ஃபெர்குசன் என்ற பெயருக்கு இப்போது ஒரே உரிமையாளர் யார் தெரியுமா? சென்னைக்காரர்!