நெல்லுக்கும் தேயிலைக்கும் ஈரம் பார்க்கிறோம், வீட்டுச் சுவருக்குப் பார்க்கிறோமா?



தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொழுந்து வாட்டுகிற இடத்தில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது சும்மா இருக்கும். இரண்டும் காட்டும் வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் உண்டு என்று சொல்லிவிடுவார்கள். முடிந்த தூளில் ஈரம் நூற்றுக்கு 3 அளவில் இருக்க வேண்டும். கூடினால் தூள் பழுதாகிவிடும்.

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்மிடமிருந்து போய் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர்கள் பலர் இன்று நெல் செய்கிறார்கள். அவர்களுக்கும் ஈரம் அளக்கிற கதை தெரியும். நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொண்டு போனால், முதலில் சின்னக் கருவி ஒன்றில் கொஞ்சம் நெல்லைப் போட்டுப் பார்ப்பார்கள். ஈரம் நூற்றுக்கு 14 இக்கு மேல் போனால் முழு விலை கிடையாது.

ஆக, தூளுக்கு அளக்கிறோம், நெல்லுக்கு அளக்கிறோம். பிள்ளைகள் ஒட்டிப் படுக்கிற சுவருக்கு மட்டும் யாரும் அளப்பதில்லை. கறுப்புப் படிந்து சுண்ணாம்பு பொரிந்து விழுந்த பிறகுதான் "சுவர் ஓதம் அடிச்சிருக்கு" என்கிறோம். அதற்குள் பிள்ளைக்கு இருமலும் முட்டும் வந்துவிடுகிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இழுப்பும் மூச்சு நோய்களும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

மலையில் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக மேலிருந்து வரும். மண்ணை வெட்டிக் கட்டிய லயமென்றால், பின்சுவரில் மண் சாய்ந்திருக்கிற பக்கமாகவும் ஊறி வரும். வன்னியில் கதை வேறு. அங்கே ஆண்டில் பாதிக்கு மேல் வெயில்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவில் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி நின்ற வெள்ளம் வடிந்தாலும் சுவர் குடித்த தண்ணீர் உடனே போகாது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரந்தடுக்கும் படை போடாத வீட்டில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நிலத்து ஈரம் சுவரில் ஏறும். இவை தவிர, சுவருக்குள் புதைத்த பைப்பில் சிறு வெடிப்பு இருந்தாலும் இதே நிலைதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. சென்சர், அதாவது உணர்கருவி என்பார்கள். மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, இரண்டு ஊசி உள்ள ஈரமானி. காய்ந்த மரத்திலும் சுவரிலும் கரண்ட் மிகக் குறைவாகத்தான் ஓடும். ஈரமானால் கூடுதலாக ஓடும். ஊசியைக் குத்தினால் கருவி அதை அளந்து காட்டும். கூரை மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 ஐத் தாண்டினால் மரம் உக்கத் தொடங்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்புப் பூத்த சுவரில் உப்பும் கரண்டைக் கடத்துவதால், உள்ளதை விட அதிகமாகக் காட்டும்.

இரண்டாவது, காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி. தொழிற்சாலை வெப்பமானியின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நாள்கணக்கில் நூற்றுக்கு 80 இக்கு மேல் நின்றால் பூஞ்சணத்துக்கு நல்ல இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, கசிவு மணி. நிலத்தில் வைக்கிற சின்னப் பெட்டி. அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டதும் மணி அடிக்கும். சிலவகை போனுக்கும் செய்தி அனுப்பும், ஆனால் கரண்டும் சிக்னலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இது தேவையில்லை. பிள்ளைக் காம்பரா, மருந்துச் சாலை, அரிசி மூட்டை வைக்கிற ஸ்டோர் போன்ற பொது இடங்களில் ஒன்று இருந்தால் உதவும்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம்

ஒன்று: சந்தேகப்படுகிற சுவரைத் துடைத்து, ஒரு அடிச் சதுரத்தில் வெள்ளைப் பொலித்தீனை வைத்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதாவது சமையல் ஆவியும் உள்ளே காயப்போட்ட உடுப்பும் செய்கிற வேலை. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

இரண்டு: இரவு எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். மீட்டர் இல்லாவிட்டால், தாங்கிக்குத் தண்ணீர் வருகிற குழாயையும் அடைத்துவிட்டுத் தாங்கித் தண்ணீரைக் குச்சி விட்டு அளந்து வையுங்கள். விடியும்போது வித்தியாசம் இருந்தால் எங்கோ கசிகிறது.

மூன்று: மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டுகிறதா என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். முறைப்பாடு கொடுக்கப் போகும்போது அந்தத் திகதிகள் பேசும்.

ஈரச் சுவருக்கு மேல் பெயின்ட் அடித்து மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். முதலில் தண்ணீர் வருகிற வழியை அடைக்க வேண்டும். பிறகு சுவரைக் காயவிட வேண்டும். சுவிட்ச், பிளக் உள்ள இடம் நனைந்திருந்தால் தொடவே கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மலையில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். பின்சுவர் ஈரம் எல்லாமே வெறும் ஓதம் அல்ல. திடீரென்று புது ஊற்றுக் கிளம்பினாலும், நிலமோ சுவரோ வெடித்தாலும், மரம் சாய்ந்தாலும் ஈரமானியைத் தேட வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அதன் பிறகு 117 இக்கு அறிவியுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அங்கே ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது.

கருவி சொல்லும். கேட்டு நடப்பது மனிதர் வேலை. வன்னியில் சொந்தம் இருந்தால் இந்த இதழை அவர்களுக்கும் அனுப்பி, மழைக்கு முன் அத்திவாரத்தைச் சுற்றிக் கானை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்திச் சுவரை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.